சோலாருக்கு 40% டிப்ரிஸியேஷன்: அக்டோபர் 3க்குள்ள போட்டே ஆகோணுமா?

கோன்நூல்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல அண்ணனும் நானும் பார்ட்னர்ஷிப்ல நிட்டிங் ஓட்டறோம், எச்டி (ஹை டென்ஷன்) கனெக்‌ஷன், கரண்ட் பில்லு வந்தாலே அன்னைக்கு சோறு எறங்காது. மேல ஷீட்டு முழுக்க 220 கிலோவாட் சோலார் போடலாம்னு ஒரு பார்ட்டி வந்து கோட் குடுத்திருக்காங்க, ஜிஎஸ்டி இல்லாம சுமார் 1 கோடி. அந்த சேல்ஸ் தம்பி சொல்றது என்னன்னா, சோலாருக்கு டிப்ரிஸியேஷன் (தேய்மானக் கழிவு) 40%, மேனுபேக்சரிங்கறதால அடிஷனல் 20%, ஆக 60 லட்சம் மொத வருஷமே டேக்ஸ்ல திரும்பி வந்துருமாம், கவர்மெண்டு பாதிக்கு மேல காசு போட்டு நமக்கு சோலார் மாட்டித் தர்ற மாதிரின்னான். ஆனா அக்டோபர் 3க்குள்ள ஓட ஆரம்பிச்சிரோணுமாம், ஒரு நாள் தள்ளுனாலும் பாதி போயிருமாம். ஜிஎஸ்டி வேற 2025 செப்டம்பர் 22ல இருந்து 12%ல இருந்து 5%க்கு எறங்குது, அதனால பில்லு 22க்கு அப்புறம் போட்டு அக்டோபர் 3க்குள்ள ஓட விட்டு கமிஷனிங் பண்ணிரலாம், இப்பவே அட்வான்ஸ் போடுங்கன்னு ஒரே நச்சரிப்பு. அண்ணன் சரின்னுட்டாரு. எனக்குத்தான் எங்கியோ இடிக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓவர்லாக்:
60 லட்சம் டேக்ஸ்ல திரும்பி வருதுன்னா அந்த கம்பெனி நம்பர் எனக்கும் குடுங்ணா, நான் ரெண்டு மாட்டிக்கறேன் 😀

பேலன்ஸ்ஷீட்பாலு:
ஆடிட் ஆபீஸ்ல இருக்கறவன்ங்கற முறைல சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல, 60 லட்சம்ங்கறது டேக்ஸ் இல்ல. அது லாபத்துல இருந்து கழிக்கற தொகை. பார்ட்னர்ஷிப் பர்முக்கு வரி 30%, செஸ் 4% சேத்து 31.2%, வருமானம் 1 கோடிக்கு மேல போனாத்தான் சர்சார்ஜ் வந்து 34.944% ஆகும். உங்களுக்கு 31.2னே வச்சுக்குவோம். 60 லட்சத்துக்கு 18.72 லட்சம் டேக்ஸ் கொறையும். அவ்வளவுதான். கழிவையும் வரியையும் ஒண்ணா ஆக்கிப் பேசறது இந்த சேல்ஸ் லைன்ல ரொம்ப காலமா ஓடற வித்தை, காத்தாடி (காத்தாலை) காலத்துலயும் இதேதான் சொன்னாங்க.

ரெண்டாவது, அந்த 18.72ம் சும்மா வர்ற காசு கெடயாது. மொத வருஷம் 60 லட்சம் கழிச்சிட்டீங்கன்னா மிச்சம் 40 லட்சத்து மேலதான் அடுத்த வருஷம் 40%, அதாவது 16 லட்சம், அதுக்கடுத்து 9.6, அப்புறம் 5.76, இப்படி தேஞ்சுட்டே போகும். இதே 1 கோடிக்கு நிட்டிங் மெஷின் வாங்கியிருந்தீங்கன்னா சாதா ரேட் 15%, அடிஷனல் 20%, மொத வருஷம் 35 லட்சம், அப்புறம் 9.75, அப்படியே மெதுவா பல வருஷத்துக்கு வந்துட்டிருக்கும். ரெண்டுலயும் கடைசில கழியப்போறது அதே 1 கோடி, கொறயப்போற டேக்ஸ் அதே 31.2 லட்சம். முன்னாடி வருதா பின்னாடி வருதாங்கறதுதான் வித்தியாசம். முன்னாடி வந்தா வட்டி மிச்சம், அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல. 10% வட்டி போட்டு நான் இப்ப கணக்குப் பாத்தேன், சாதா மெஷின் ரேட்டுக்கும் சோலார் ரேட்டுக்கும் இன்னைக்கு மதிப்புல வித்தியாசம் சுமார் 5 லட்சம். 1 கோடி முதலீட்டுக்கு கவர்மெண்டு குடுக்கற சலுகையோட அசல் எடை அந்த 5 லட்சம்தான்.

மூணாவது அந்த அக்டோபர் 3. வருஷத்துல 180 நாளுக்குக் கொறவா ஓடுன சொத்துக்கு பாதி ரேட்டு, அது உண்மை, மார்ச் 31ல இருந்து பின்னால எண்ணுனா அக்டோபர் 3 வரும். தள்ளிப்போச்சுன்னா 40க்கு பதிலா 20, அடிஷனல் 20க்கு பதிலா 10. ஆனா அந்த விட்டுப்போன அடிஷனல் 10% அடுத்த வருஷம் வந்துரும், 2015 பட்ஜெட்ல அத சரி பண்ணிட்டாங்க. மொத வருஷம் 30 லட்சம், அடுத்த வருஷம் 38 லட்சம். இதையும் வட்டி போட்டுப் பாத்தா நீங்க எழக்கறது சுமார் 1.2 லட்சம். "பாதி போயிரும்"னு சொன்னாரே தம்பி, போறது இதான். இதுக்காக 10 நாள்ல 220 கிலோவாட்ட அவசர அவசரமா மேல ஏத்தி, ஷீட்டு ஒழுகற மாதிரி போல்ட்டு அடிச்சு, மின்வாரிய போர்டுக்காரங்க பின்னாடி நாயா அலையறது தேவையான்னு நீங்களே பாருங்க.

ஜிஎஸ்டி எறங்கறது உங்களுக்கு லாபமில்ல, கட்டுன ஜிஎஸ்டிய இன்புட் கிரெடிட்டா திருப்பி எடுத்துக்கத்தான போறீங்க, கைல இருந்து கொஞ்ச நாளைக்கு கொறச்சலா போகும், அவ்ளோதான். ஒண்ணு மட்டும் ஞாபகம், இன்புட் எடுத்த ஜிஎஸ்டிய சொத்து மதிப்புல சேத்து டிப்ரிஸியேஷனும் போடக்கூடாது. ரெண்டுல ஒண்ணுதான்.

கோன்நூல்:
அட சாமி. 18 லட்சம்னு யாருமே சொல்லலீங்களே. ரொம்ப நன்றிங்க.

ஓவர்லாக்:
சார் எனக்கு ஒரு டவுட்டு. நான் சின்ன யூனிட்டு, டர்ன்ஓவர் 1.6 கோடி வருது, 44ஏடில (டர்ன்ஓவர்ல இத்தன சதவீதம் லாபம்னு காட்டற பிரிவு) 6% காட்டி ரிட்டர்ன் போடறோம். மார்ச்சுல ஒரு கார் வாங்குனா டிப்ரிஸியேஷன்ல டேக்ஸ் கொறயும்னு எல்லாரும் சொல்றாங்களே, எனக்கு எவ்ளோ வரும்?

பேலன்ஸ்ஷீட்பாலு:
சைபர்.

44ஏடில நீங்க காட்டற சதவீதத்துலயே டிப்ரிஸியேஷன் எல்லாம் கழிச்சாச்சுன்னுதான் சட்டம் எடுத்துக்கும். தனியா கேக்க முடியாது. அதவிட மோசம் என்னன்னா வருஷா வருஷம் கழிச்ச மாதிரியே மதிப்பு கொறஞ்சுட்டு வரும், நாளைக்கு நீங்க 44ஏடிய விட்டு வெளிய வந்தாலும் மிச்சம் இருக்கறதுதான் கெடைக்கும். காரும் ஒண்ணும் பெரிய ரேட்டு இல்ல, 15%தான், மார்ச்சுல எடுத்தா பாதி, 7.5%. 2019 ஆகஸ்ட் 23ல இருந்து 2020 மார்ச் 31 வரைக்கும் எடுத்ததுக்கு மட்டும் 30% குடுத்தாங்க, வண்டி விக்காம கெடந்த நேரம் அது. இப்ப அதெல்லாம் இல்ல. கார் வேணும்னா வாங்குங்க, டேக்ஸ சாக்கா வீட்ல சொல்லாதீங்க.

ஓவர்லாக்:
வீட்ல சொல்லியாச்சு சார் 😔

பூளவாடிக்காத்து:
பாலு சொன்ன "காத்தாடி காலம்" நான் கண்ணால பாத்தது. உடுமலப்பேட்ட பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல அக்கவுண்ட்ஸ்ல இருந்தேன். இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியாது, 90கள்ல காத்தாடிக்கு 100% டிப்ரிஸியேஷன். ஒரே வருஷத்துல மொத்த விலையும் கழிச்சிரலாம். அப்ப கம்பெனி வரியும் அதிகம். மில்லு முதலாளிக்கு ஒரு பக்கம் லாபம் கொட்டுது, இன்னொரு பக்கம் போர்டு கரண்ட் கட்டு மேல கட்டு போடுது, மார்ச் மாசம் வந்தா ஆடிட்டர் வீட்டுக்கு வந்து "காத்தாடி ஒண்ணு போட்ருங்க"ம்பாரு, போட்ருவாங்க. பல்லடம், பூளவாடி, குடிமங்கலம், தாராபுரம் ரோடு, இந்தப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் காத்து அடிக்கற எடம் பூரா அப்படித்தான் எந்திரிச்சுது. கம்புக் காடு வச்சிருந்தவன் ஏக்கரா இன்ன வெலைன்னு வித்துட்டு டவுனுக்குப் போயிட்டான்.

1996 பட்ஜெட்ல சிதம்பரம் மேட்னு ஒண்ணு கொண்டாந்தாரு. புக்ல லாபம் காட்டி டிவிடெண்டும் குடுத்துட்டு டேக்ஸ் மட்டும் சைபர்னு காட்டுன கம்பெனிகளப் புடிக்கறதுக்கு. வேகமா தேய்மானம் போட்டு வரிய அழிச்சாலும் கொறஞ்சபட்சம் இவ்ளோ கட்டுன்னு வச்சாங்க. அதோட மொத அலை அடங்கிருச்சு. அப்புறம் 2002 ஏப்ரல்ல இருந்து 100 வந்து 80 ஆச்சு, 80ன்னாலும் பெரிசுதான், மறுபடி ஒரு அலை. 2012 ஏப்ரல்ல அதையும் எடுத்துட்டு சாதா மெஷின் மாதிரி 15னாங்க. அதுக்கு முந்தின வருஷம் நாடு பூரா 3,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி ஏறிருந்துச்சு, எடுத்த வருஷம் சுமாரா 1,700ல நின்னுச்சு. 2014 ஜூலைல ஜெட்லி திருப்பிக் குடுத்தாரு, அவரே 2016 பட்ஜெட்ல எந்த சொத்தா இருந்தாலும் உச்சவரம்பு 40%தான், 2017 ஏப்ரல்ல இருந்துன்னு முடிச்சு வச்சாரு. இப்ப கோன்நூல் தம்பிக்கு சொல்ற 40% அதோட மிச்சம்தான்.

ஆரல்வாய்:
அண்ணே சொன்ன மார்ச் மாசக் கதைய கீழ நின்னு பாத்தவன் நான். முப்பந்தல்ல காத்தாடி மெயின்டனன்ஸ். எங்களுக்கு சீசன் வைகாசி பொறந்தா தொடங்கும், புரட்டாசி வரை அடிக்கும். மாசி பங்குனில காத்து செத்துக் கெடக்கும், றெக்கை சும்மா தூங்கும். ஆனா கமிஷனிங் எல்லாம் அந்த பங்குனிலதான். மார்ச் 31 அன்னைக்கி ராத்திரி பத்து மணிக்கு டார்ச் லைட்ட அடிச்சுகிட்டு கண்ட்ரோல் பேனல் முன்னால போர்டு ஏஇ, கம்பெனி ஆளு, ஓனர் அனுப்பின அக்கவுண்டண்ட், எல்லாரும் மீட்டரையே பாத்துட்டு நிப்போம். 225 கிலோவாட் மெஷினு. ஒரு சின்னக் காத்து வந்து றெக்கை சுத்தி மீட்டர்ல 3 யூனிட்டு 4 யூனிட்டு விழுந்ததும் ரீடிங் எழுதி, தேதி போட்டு, மூணு பேரும் கையெழுத்து. அக்கவுண்டண்ட் அந்தக் காயிதத்த சட்டைக்குள்ள வச்சிட்டு ராத்திரியே வண்டி ஏறிருவாரு. பாதி ரேட்டுன்னாலும் அந்த 4 யூனிட்டுக்காகத்தான் கோடிக்கணக்குல கழிவு. சட்டப்படி தப்பு இல்லன்னுதான் சொன்னாவ.

பெறகு ஓனர் எட்டிப் பாக்க மாட்டாரு. சில மெஷினுக்கு கியர்பாக்ஸ் போனா மாத்தக் காசு அனுப்ப மாசக் கணக்கு ஆகும். வந்த வேலை முடிஞ்சிட்டுல்லா.

தெருவோரம்:
இதத்தான் நான் கேக்க வந்தேன். இது யாருக்கான சலுகை? லாபம் பாக்கறவனுக்கு மட்டும். நஷ்டத்துல இருக்கறவன், 44ஏடில இருக்கற ஓவர்லாக் மாதிரி ஆளு, சம்பளக்காரன், எவனுக்கும் பத்து பைசா இல்ல. நான் மாசம் பிடிக்கற டிடிஎஸ்ல ஒரு ரூபா தப்பிக்க முடியாது, மில்லு ஓனரு காத்தே இல்லாத மாசத்துல காத்தாடி சுத்தி கோடி கழிக்கறாரு. சினிமாக்காரங்க கிரிக்கெட்காரங்க எல்லாம் காத்தாடி வாங்குனாங்களே, கரண்ட் மேல ஆசையா?

பேலன்ஸ்ஷீட்பாலு:
தெருவோரம், உங்க கோவம் நியாயம்தான், ஆனா பாதி. காத்தாடில கரண்டாவது வந்துச்சு. அதே 90கள்ல காஸ் சிலிண்டருக்கும் 100% இருந்துச்சு, லீசிங் கம்பெனிங்க இல்லாத சிலிண்டர வாங்கின மாதிரி பில்லு போட்டு, யாருக்கோ லீசுக்கு விட்ட மாதிரி எழுதி, டிப்ரிஸியேஷன் மட்டும் எடுத்துட்டுப் போனாங்க. மாநில மின்வாரியங்களே தங்ககிட்ட ஓடிட்டிருந்த பழைய மீட்டர், பாய்லர எல்லாம் லீசிங் கம்பெனிக்கு வித்து, வித்த கையோட வாடகைக்கு எடுத்துக்கிட்ட கதை எல்லாம் டிரிப்யூனல் தீர்ப்புல கெடக்கு. 1996 அக்டோபர்ல இருந்து, வித்தவனுக்கே திருப்பி லீசுக்கு விட்டா அவன் புக்ல மிச்சமிருந்த மதிப்புக்கு மேல கழிக்கக் கூடாதுன்னு கதவ சாத்துனாங்க. ரேட்டு எங்க 100 இருக்கோ அங்க பேப்பர்ல மட்டும் இருக்கற மெஷின் மொளைக்கும், அதுதான் 40ல நிறுத்துனதுக்குப் பின்னால இருக்கற அனுபவம்.

பூளவாடிக்காத்து:
தெருவோரம் தம்பி, ஆரல்வாய் சொன்னது நடந்துச்சு, இல்லைங்கல. ஆனா அதே சலுகைலதான் தமிழ்நாட்டுல இன்னைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி நிக்குது. போர்டு கைல காசு இல்ல, பேங்கு குடுக்கல, தனியார் மில்லுக்காரன் தன் லாபத்தக் கொண்டுபோய் காட்டுல நட்டான். வரிய மிச்சம் புடிக்கத்தான் நட்டான், நல்ல மனசுல நடலதான். எங்க மில்லுல போட்ட மொத மெஷின் லேட்டிஸ் டவர்ல இன்னும் நின்னு சுத்துது, புக்ல அதோட மதிப்பு எப்பவோ ஒண்ணுமில்லாம போச்சு, யூனிட்டு மட்டும் வந்துட்டிருக்குது.

தெருவோரம்:
அண்ணே நட்டதுக்கு ஏன் காசு குடுக்கணும், சுத்துனதுக்குக் குடுங்கங்கறேன்.

பூளவாடிக்காத்து:
அதையும் பண்ணுனாங்க தம்பி. 2009 டிசம்பர்ல இருந்து யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகைனு ஒண்ணு. ஆனா ரெண்டுல ஒண்ணுதான் எடுக்கலாம், அதுவா இல்ல வேக டிப்ரிஸியேஷனா. மில்லுக்காரன் டிப்ரிஸியேஷன் பக்கம் போனான், லாபமில்லாத புதுசா வந்த மின்சாரக் கம்பெனிக்காரன் 50 பைசா பக்கம் போனான். ஏன்னா கழிக்கறதுக்கு அவன்கிட்ட லாபம் வேணுமே. நீ கேக்கற நியாயம் அங்கதான் கொஞ்சம் கெடச்சுது.

சண்டை அதோட முடியல. 80-ஐஏனு 10 வருஷம் காத்தாடி லாபத்துக்கு வரியே இல்லைன்னு இன்னொரு பிரிவு இருந்துச்சு. மொத வருஷம் டிப்ரிஸியேஷன் போட்டதுல காத்தாடி நஷ்டம் காட்டும், அந்த நஷ்டத்த நூல் லாபத்துல கழிச்சு முடிச்சாச்சு. நாலஞ்சு வருஷம் கழிச்சு காத்தாடி லாபம் காட்டறப்ப 80-ஐஏ கேட்டா, டிபார்ட்மெண்டு என்ன சொல்லுச்சு தெரியுமா, பழைய நஷ்டம் காகிதத்துல இன்னும் உயிரோட இருக்கற மாதிரி வச்சுக்கிட்டு அத மொதல்ல கழி, மிச்சம் இருந்தா கேளுன்னாங்க. ஒருதடவ கழிச்சு முடிச்ச நஷ்டத்த மறுபடி எப்படிய்யா கழிக்கறது? வேலாயுதசாமி ஸ்பின்னிங் மில்ஸ் கேஸ்ல 2010ல சென்னை ஹைகோர்ட்டு, அது செல்லாதுன்னுச்சு, எந்த வருஷத்துல இருந்து சலுகை வேணும்னு நீ தேர்ந்தெடுக்கறியோ அதுல இருந்துதான் கணக்குன்னு. 2016 பிப்ரவரில இன்கம்டாக்ஸ் பக்கத்து நேரடி வரி போர்டே சர்க்குலர் போட்டு ஆரம்ப வருஷம்னா தேர்ந்தெடுத்த வருஷம்தான்னு ஒத்துக்குச்சு. நம்ம ஊர் நூல் மில்லு ஒண்ணு நாட்டுக்கே வழி காட்டுச்சு. இந்த 80-ஐஏ 2017 மார்ச்சுக்கு அப்புறம் ஆரம்பிச்சதுக்குக் கெடையாது, சேல்ஸ்காரன் யாராவது அதையும் சொன்னா நம்பிராதீங்க.

ஜூரோங்ராசு:
நான் சிங்கப்பூர்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். இங்க எல்லா பிளாண்ட் மெஷினரியும் மூணு வருஷத்துல சமமா கழிச்சிடலாம், கம்ப்யூட்டர், ரோபோ மாதிரி ஐட்டம் ஒரே வருஷத்துல. 180 நாள் எல்லாம் பாக்கிறது இல்ல. சாதாரண காருக்கு மட்டும் ஒரு காசு தரமாட்டான். வரியே 17% தான், அதனால யாரும் டேக்ஸுக்காக மெஷின் வாங்குறதும் இல்ல. ஊர்ல வரி 30க்கு மேல இருக்கிறதால இதுக்கு இவ்வளவு மவுசு.

பேலன்ஸ்ஷீட்பாலு:
சரியா புடிச்சீங்க. அதனாலதான் இங்கயும் கம்பெனிங்க நெறயப்பேர் 115பிஏஏங்கற கொறஞ்ச ரேட்டு பிரிவுக்கு மாறிட்டாங்க, சர்சார்ஜ் செஸ் எல்லாம் சேத்து 25.168%. அதுல போனா அடிஷனல் 20% கெடையாது, சாதா 40% உண்டு, மேட்டும் கெடையாது. புரொப்ரைட்டர் புது ரெஜீம்ல இருந்தா அவருக்கும் அடிஷனல் இல்ல. பார்ட்னர்ஷிப் பர்முக்கு இந்த மாதிரி கொறஞ்ச ரேட்டு திட்டமே இல்லாததால அடிஷனல் இன்னும் ஓடுது.

கோன்நூல், நீங்க ஒண்ணு சொல்லணும். வருஷ லாபம் எவ்வளவு, பார்ட்னர் சம்பளம் எடுக்கறீங்களா, லோனா கைக்காசா? இத வச்சுத்தான் மேல பேச முடியும்.

கோன்நூல்:
டிப்ரிஸியேஷன், பார்ட்னர் சம்பளம் ரெண்டும் கழிக்கறதுக்கு முன்னால 70 லட்சம் வாக்குல வரும்ங்க. பழைய மெஷினுக்கு டிப்ரிஸியேஷன் 10 லட்சம் போகும். அண்ணனுக்கும் எனக்கும் மாசம் ஆளுக்கு 1 லட்சம் சம்பளம், வருஷம் 24. வேற வருமானம் ரெண்டு பேருக்கும் இல்ல. சோலாருக்கு 70% டேர்ம் லோன் போடலாம்னு பேங்குல சொன்னாங்க. ஆனா 2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா வரி 50% ஆனதுல எங்களுக்கு துணி குடுக்கற எக்ஸ்போர்ட் பார்ட்டி ரெண்டு பேர் ஆர்டர நிறுத்தி வச்சிருக்காங்க. இந்த வருஷம் 70 வருமான்னே தெரியல.

பேலன்ஸ்ஷீட்பாலு:
இதுக்குத்தான் கேட்டேன். இப்ப நான் சொல்றத உங்க அண்ணனையும் பக்கத்துல உக்கார வச்சுப் படிங்க.

பார்ட்னர் சம்பளத்துக்கு சட்டத்துல ஒரு உச்சவரம்பு இருக்கு. புக் பிராபிட்ல (பார்ட்னர் சம்பளம் கழிக்கறதுக்கு முன்னால உள்ள லாபம்) மொத 6 லட்சத்துக்கு 90% இல்ல 3 லட்சம், எது அதிகமோ அது, அதுக்கு மேல உள்ளதுக்கு 60%. இந்த புக் பிராபிட் டிப்ரிஸியேஷன் கழிச்ச பின்னால பாக்கறது. இப்ப உங்களுக்கு 70ல 10 போக 60 லட்சம், வரம்பு 37.8 லட்சம் வரைக்கும் போகும், 24 லட்சம் சுகமா உள்ள வந்துருது. பர்ம் 36 லட்சத்துக்கு வரி கட்டுது, உங்க ரெண்டு பேர் கைல ஆளுக்கு 12 லட்சம், புது ரெஜீம்ல இந்த வருஷத்துல (2025-26) இருந்து 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல. ரொம்ப அழகான ஏற்பாடு, யார் பண்ணிக் குடுத்தாங்களோ நல்லா பண்ணிருக்காங்க.

சோலார அக்டோபர் 3க்குள்ள போட்டீங்கன்னா 60 லட்சம் கூடுதலா கழியும். புக் பிராபிட் சைபர். அப்ப சம்பளம் 3 லட்சம்தான் பர்ம்ல கழிக்க முடியும். மிச்சம் 21 லட்சம் போச்சு. அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. உங்க கைல அதுக்கு வரி வராது, நெசம், ஆனா உங்களுக்கு முன்னயும் வரி வரலையே. 21 லட்சத்துக்கு 31.2%, 6.55 லட்சம் நிரந்தரமா கரைஞ்சிரும். வேக டிப்ரிஸியேஷனோட மொத்த லாபமே 5 லட்சம்னு மேல சொன்னேன் பாருங்க, அதவிட இது ஜாஸ்தி. சலுகைய வாங்கப் போயி கைல இருந்து ஒன்றரை லட்சம் குடுத்துட்டு வர்ற கணக்கு.

வேண்டாம், இந்த வருஷம் டிப்ரிஸியேஷன் எடுக்கலன்னு விட முடியுமான்னு கேப்பீங்க. முடியாது. நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் கழிச்சே ஆகணும்னு 2002ல இருந்து சட்டத்துல விளக்கம் சேத்துட்டாங்க. உங்க கைல இருக்கறது ரெண்டே ரெண்டு: எவ்வளவுக்குப் போடறீங்க, என்னைக்கு ஓட விடறீங்க.

பூளவாடிக்காத்து:
பாலு, அப்ப அக்டோபர் 3 தாண்டிப் போட்டா?

பேலன்ஸ்ஷீட்பாலு:
அதான் வேடிக்கை. தாண்டுனா மொத வருஷம் 30 லட்சம்தான் கழியும், புக் பிராபிட் 30, சம்பள வரம்பு 19.8 லட்சம், 4.2 லட்சம் வீணாகும். அடுத்த வருஷம் 38 கழியும், லாபம் அதே அளவுன்னு வச்சா வரம்பு 15, 9 லட்சம் வீணாகும். ரெண்டு வருஷமும் சேத்து 13.2 லட்சம். சீக்கிரம் போட்டிருந்தா 21. ஆக எல்லாரும் ஓடிப்போயி புடிக்கற தேதிய இவங்க தவற விட்டாத்தான் இவங்களுக்கு நல்லது. தள்ளிப் போடறதுல போற வட்டி 1.2 லட்சம், சம்பளத்துல மிச்சமாகறது 7.8 லட்சத்துக்கு வரி, 2.4 லட்சம்.

பாதி சைஸ் போட்டுப் பாத்தேன். 110 கிலோவாட், 50 லட்சம், அக்டோபர் 3 தாண்டி. மொத வருஷம் 15 கழியும், புக் பிராபிட் 45, வரம்பு 28.8. அடுத்த வருஷம் 19 கழியும், புக் பிராபிட் 41, வரம்பு 26.4. 24 லட்சம் ரெண்டு வருஷமும் முழுசா நிக்கும். இந்த வருஷம் ஆர்டர் கொறஞ்சு லாபம் ஒரு 5 லட்சம் எறங்குனாலும் தாங்கும். ஒண்ணு மட்டும், உங்க பார்ட்னர்ஷிப் டீட்ல (ஒப்பந்தப் பத்திரம்) சம்பளம் எப்படி எழுதிருக்குன்னு பாருங்க. டீட்ல இல்லாத சம்பளம் ஒரு ரூபாயும் செல்லாது.

தெருவோரம்:
அப்ப சோலாரே வேணாமா?

பேலன்ஸ்ஷீட்பாலு:
யார் சொன்னா? கரண்ட் கணக்குல சோலார் தாராளமா நிக்கும். கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரி 4 யூனிட், 110க்கு வருஷம் 1.6 லட்சம் யூனிட், எச்டி ரேட்டு 7 ரூபாய்க்கு மேல, நெட்வொர்க் சார்ஜ், ஞாயித்துக்கெழம, தீபாவளி பொங்கல் லீவு எல்லாம் போனாலும் அஞ்சாறு வருஷத்துல போட்ட காசு வரும். டிப்ரிஸியேஷன எடுத்துட்டுப் பாத்தாலும் நிக்கற பிராஜக்டுனா போடுங்க. டிப்ரிஸியேஷன் இருந்தாத்தான் நிக்குதுன்னா கோட்ட கிழிச்சுப் போடுங்க.

லோன் பக்கமும் ஒண்ணு. நெறய பர்ம்ல இன்கம்டாக்ஸ் ரேட்டையே புக்லயும் போட்டுருவாங்க. 60 லட்சம் டிப்ரிஸியேஷன் அடிச்ச பேலன்ஸ்ஷீட்ட பாத்தா கேஷ் கிரெடிட் ரினிவலுக்கு மேனேஜர் மூஞ்சிய சுளிப்பாரு. கேஷ் அக்ரூவல் (டிப்ரிஸியேஷன திருப்பிக் கூட்டுன லாபம்) பாத்தா தெரியும்னு நாம சொல்லலாம், எல்லாரும் அதப் பாக்க மாட்டாங்க.

ஆரல்வாய்:
பின்னால விக்கறதயும் சொல்லுங்க சார். எங்க பக்கம் பழைய காத்தாடி வித்தவங்க பட்டாவ.

பேலன்ஸ்ஷீட்பாலு:
நல்ல கேள்வி. சோலாருக்கு 40% பிளாக் (ஒரே ரேட்டு சொத்துக எல்லாம் சேந்த தொகுப்பு) தனி, உங்க நிட்டிங் மெஷின் 15% பிளாக் தனி. அந்த 40% பிளாக்ல இது ஒண்ணுதான் இருக்குன்னு வைங்க, நாலு வருஷம் கழிச்சு புக்ல 9 லட்சம் இருக்கறப்ப 25 லட்சத்துக்கு வித்தா, 16 லட்சம் ஷார்ட் டேர்ம் கேப்பிடல் கெயின். எத்தன வருஷம் வச்சிருந்தாலும் ஷார்ட் டேர்ம்தான், 31.2% முழுசா கட்டணும். வேகமா கழிச்சது அங்க திரும்பி வரும்.

ஓவர்லாக்:
சார் கடைசியா, செகண்ட்ஹேண்ட் நிட்டிங் மெஷின் ஒண்ணு 4 லட்சத்துக்கு வருது, ஓனர் ரொக்கமா கேக்கறாரு. நான் அடுத்த வருஷம் 44ஏடிய விட்டு வெளிய வரலாம்னு இருக்கேன்.

பேலன்ஸ்ஷீட்பாலு:
ஒரே நாள்ல 10,000க்கு மேல ரொக்கமா குடுத்த தொகை சொத்து மதிப்புலயே சேராது, டிப்ரிஸியேஷன் பூஜ்யம். பேங்க் வழியா குடுங்க. பழைய மெஷினுக்கு 15% உண்டு, அடிஷனல் இல்ல.

கோன்நூல்:
அண்ணன்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டிட்டனுங்க. மொதல்ல "ஃபோரத்துல எவனோ சொல்றான்"னாரு, அப்புறம் எங்க ஆடிட்டருக்கு போன் போட்டாரு, அவரு டீட எடுத்துப் பாத்துட்டு பார்ட்னர் சம்பளத்த அவரும் சொல்லோணும்னு இருந்தாராம், சரி. 110 கிலோவாட்தான் போடறோம், லோன் பாதி கைக்காசு பாதி. சேல்ஸ் தம்பிகிட்ட நவம்பர்ல வந்தாப் போதும், ஷீட்டுக்கு அடில பர்லின் தாங்குமான்னு மொதல்ல ஒரு இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டுங்கன்னு சொல்லிட்டேன். அவரு "அப்ப உங்களுக்கு பாதி ரேட்டுதான் சார் கெடைக்கும்"னு அஞ்சு நிமிசம் வருத்தப்பட்டாரு.

பூளவாடிக்காத்து:
அவரு வருத்தம் அவரோட செப்டம்பர் டார்கெட்டுக்கு. சோலார் இணைப்புக்கு போர்டுல அப்ளிகேஷன இப்பவே போட்டு வைங்க தம்பி, நவம்பர்ல மழை வேற இருக்கும்.